புரஸ்டேட் சிகிச்சை முடிந்த அப்பாவுக்குப் போனில் ஒரு துணை: தொடங்குவது எப்படி?

புற்றுநோய்க்காகப் புரஸ்டேட்டை (ஆண்களின் சலப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி) எடுத்து, சலம் போக வைத்த ரியூப் கழற்றி வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் அப்பாவுக்கு உண்மையான கஷ்டம் தொடங்கியது. இருமினால் சலம் கசியும், வாளி தூக்கினால் கசியும், கோயிலுக்குப் போனால் வேட்டி நனைந்துவிடுமோ என்று பூசை முடிய முதலே எழும்பி வந்துவிடுவார். ஒருவரிடமும் சொல்லவில்லை. அம்மா தோய்த்துக் காயப்போடுகிற சாரங்களின் எண்ணிக்கை கூடியதைப் பார்த்துத்தான் எங்களுக்கு விளங்கியது. கிளிநொச்சியிலிருந்து விடிய முன் பஸ் ஏறி, கிளினிக்கில் காத்திருந்து, டொக்டருக்கு முன்னால் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில், அடுத்த நோயாளி கதவடியில் நிற்க, "உறவு கொள்ள முடியவில்லை" என்று எந்த மனிதர் வாய் திறப்பார்?

அதே நோய் வந்த இன்னொருவரிடம், போனில் திறப்பார். ஆனால் அதற்கு நீங்கள் கொஞ்சம் வழி செய்து கொடுக்க வேண்டும்.

படி 1: இயர்போன்

இதைத்தான் முதலில் வாங்குங்கள். சின்ன வீட்டில் ஸ்பீக்கரில் ஒரு வொய்ஸ் மெசேஜ் ஓடினால் அடுப்படி வரை கேட்கும், அதற்குப் பிறகு அவர் போனைத் தொடவே மாட்டார். அவருக்கென்று தனி போன், தனி வாட்ஸ்அப், எழுத்து பெரிதாக. கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து மைக்கை அழுத்திப் பேசக் காட்டிக் கொடுங்கள், தட்டச்சுக்குப் பயந்தவர்கள்கூடப் பேசுவார்கள். காட்டிக் கொடுத்த பிறகு எழும்பிப் போய்விடுங்கள். தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்காதீர்கள். எங்கள் அப்பா போனோடு மாமரத்தடிக்குப் போவார், சிக்னலும் அங்கேதான் நன்றாக இருக்கும்.

படி 2: ஒரு கொப்பி

என்ன சிகிச்சை, எந்தத் திகதி, இப்போது என்ன மருந்து, ஒவ்வொரு பி.எஸ்.ஏ. (இரத்தத்தில் பார்க்கிற புரஸ்டேட் புரதம்) அளவும் எப்போது எடுத்தது, இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். இது ஏன் முக்கியம் என்றால், புரஸ்டேட்டை முழுவதும் எடுத்தவருக்கு பி.எஸ்.ஏ. அநேகமாக அளவிட முடியாத அளவுக்கு இறங்க வேண்டும், கதிர்ச்சிகிச்சை பெற்றவருக்கோ அது மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் இறங்கும். இது தெரியாமல் இன்னொருவருடைய எண்ணோடு தன்னுடைய எண்ணை ஒப்பிட்டு நித்திரை இல்லாமல் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். பரிசோதனையை முடிந்தவரை ஒரே லாபில் செய்யுங்கள்.

படி 3: எங்கே கேட்பது

பிரித்தானியாவின் புரஸ்டேட் கான்சர் யூகே, அவுஸ்திரேலியாவின் புரஸ்டேட் கான்சர் பவுண்டேஷன் இரண்டும் நோயாளிகளுக்கான விளக்கங்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கின்றன, நோயாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசவும் இடம் கொடுத்திருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலம்தான். கூகுள் ட்ரான்ஸ்லேட்டில் சின்னச் சின்ன வசனமாகப் போட்டால் ஓரளவு விளங்கும்.

தமிழில் வேண்டுமென்றால், கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்து பழகிய நாலைந்து பேரைச் சேர்த்து நீங்களே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கலாம். எனக்குக் கேட்டால் அதுதான் மிக நல்லது, ஏனென்றால் சாரத்தோடு எப்படிப் பஞ்சு வைப்பது, வயலில் நிற்கும்போது எங்கே மாற்றுவது என்பது லண்டன்காரருக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிடுங்கள்: குழுவில் எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரியும். மருந்து விற்க வருபவரை உடனே நீக்குங்கள். பேஸ்புக் குழு என்றால் சிலவற்றில் பெயர் காட்டாமல் பதிவிடலாம், ஆனாலும் குழுவை நடத்துபவருக்குப் பெயர் தெரியும். கிளினிக் அட்டையைப் படம் எடுத்து ஒரு இடத்திலும் போடாதீர்கள்.

படி 4: முதல் கேள்வி

"சலம் போகுது, என்ன செய்யலாம்" என்று கேட்டால் நல்ல பதில் வராது. அப்பா கேட்டது இது:

"வயது 67. புரஸ்டேட் எடுத்து 4 மாதம். பகலில் 3 தரம் துணி மாற்றுகிறேன், இரவில் கசிவு இல்லை. இருமும்போதும் குனிந்து எழும்பும்போதும்தான். சலத்தை அடக்குகிற தசையை இறுக்குகிற பயிற்சி செய்கிறேன், சரியாகச் செய்கிறேனா தெரியவில்லை."

குழுவில் ஒருவர் திருப்பிக் கேட்டார்: இறுக்கும்போது மூச்சைப் பிடிக்கிறீர்களா? பிடித்துக்கொண்டுதான் இருந்தார், வயிற்றையும் பிட்டத்தையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு. அறைக் கதவைப் பூட்டிக் கண்ணாடிக்கு முன் நின்று பாருங்கள், சரியாகச் செய்தால் ஆணுறுப்பு கொஞ்சம் உள்ளே இழுபடும், விதைகள் மேலே எழும்பும், வயிறு அசையாது என்றார். சில விநாடி இறுக்கி, அதே அளவு நேரம் தளர்த்தி, பத்துத் தரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. மெல்ல மெல்லப் பத்து விநாடி வரை கூட்டலாம். இருமல் வருகிறது என்றால் முதலே இறுக்கிவிட வேண்டும். கசிகிறது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக் கூடாது, சலம் செறிந்து சலப்பையை இன்னும் எரிக்கும். தேத்தண்ணியைக் குறைக்கலாம். பலருக்கு மூன்று தொடக்கம் ஆறு மாதத்தில் நன்றாகக் குறையும், சிலருக்கு ஒரு வருடம் பிடிக்கும். ஆண்மை திரும்ப இரண்டு வருடம்கூட ஆகலாம், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம், அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

புற்றுநோயை அடக்க ஹோர்மோன் ஊசி போடுபவர்கள் உடம்பு திடீரென்று கொதித்து வியர்ப்பதை வன்னி வெயில் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஊசியின் வேலை, அதையும் எழுதிக் கேளுங்கள்.

படி 5: வந்த பதிலில் எதை எடுப்பது

துணி, பயிற்சி, பயணம், மனது, இதெல்லாம் அனுபவம், எடுத்துக்கொள்ளலாம். குளிசை என்று வந்தால் நிறுத்துங்கள், டொக்டரிடம் போங்கள். குறிப்பாக, நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே குளிசை வைப்பவர் ஆண்மைக்கான சில்டெனாபில் குளிசையைப் போட்டால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து.

இவற்றுக்குப் போனைத் தூக்கிக் குழுவில் கேட்கவே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி: சலம் அடைத்துவிட்டால், சலத்தோடு இரத்தக் கட்டி போனால், குளிர்காய்ச்சல் என்றால், முதுகு நோவோடு கால் பலமிழந்தால் அல்லது விறைத்து உணர்வில்லாமல் போனால். 1990 அம்புலன்ஸ் இலவசம். மனது உடைந்து, இருந்து என்ன பயன் என்று அவர் பேசத் தொடங்கினால் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

படி 6: அம்மாவின் கேள்வி

இதை நாங்கள் கடைசியாகத்தான் செய்தோம், முதலே செய்திருக்க வேண்டும். குழுவில் இருந்த ஒருவருடைய மனைவியோடு அம்மாவைப் பேச வைத்தோம். அம்மாவுக்கு இருந்தது ஒரே கேள்வி, அதை எங்களிடம் அவர் கேட்டதே இல்லை: இது தொற்றுமா? பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். புற்றுநோய் தொற்றாது, ஒரே கோப்பையில் குடித்தாலும் ஒரே பாயில் படுத்தாலும் தொற்றாது. மெசினில் படுக்க வைத்து வெளியிலிருந்து கொடுக்கிற கதிர்ச்சிகிச்சைக்குப் பிறகும் உடம்பில் கதிர் தங்காது, பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கலாம். அந்தப் பெண்மணி இதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார், அரை மணித்தியாலம் பேசினார்கள்.

அடுத்த நாள் காலை, அப்பாவுக்கென்று தனியாக யன்னலடியில் வைத்திருந்த எவர்சில்வர் கோப்பை மற்றக் கோப்பைகளோடு தட்டில் இருந்தது.