பெயர் சுட்டாத விருப்பம்: அகப்பாடலை வாசித்து, ஆசையை எழுதிப் பழகும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிறுநகரில் ஒருவர் தம் உடலின் விருப்பத்தைப் பற்றி எழுத நினைத்தால், கூச்சத்தைவிடப் பெரிய தடை ஒன்று அவர்முன் நிற்கும். ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்த பிறகும் பக்கத்து வீட்டுப் பேச்சு சுவர் தாண்டிக் கேட்கிறது. நேற்று மாலை யாருடைய மோட்டார் சைக்கிள் எங்கே நின்றது என்பது மறுநாள் பசியாறும் நேரத்திற்குள் ஒட்டுக்கடையில் பேசி முடிக்கப்படுகிறது. ஆயினும் தமிழில் ஆசையை எழுதியவர்களுக்கு இந்த நிலைமை புதிதன்று. சங்கப் பாடல்களில் அலர் தூற்றும் பெண்டிர் இல்லாத ஊரே இல்லை எனலாம். திருக்குறளின் காமத்துப்பாலிலும் அலருக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. ஊர்வாய்க்கு நடுவில் இருந்துகொண்டு உள்ளத்தையும் உடலையும் எப்படிச் சொல்வது என்பதை அந்தப் புலவர்கள் ஒரு தொழில்நுட்பமாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். அதைக் கற்றுக்கொண்டு பயன்படுத்தும் முறையே இங்குச் சொல்லப்படுகிறது. இது வயதுவந்தோருக்கான வழிகாட்டி.

அந்தத் தொழில்நுட்பத்தின் முதல் விதி தொல்காப்பியத்தில் இருக்கிறது. அன்பின் ஐந்திணையைப் பாடும்போது ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது அவ்விதி. பேசுபவள் தலைவி, தோழி, செவிலி, பேசுபவன் தலைவன், பாங்கன், அவ்வளவுதான். பெயர் இல்லாததால் ஆசை மங்கிவிடவில்லை. பெயருக்குச் செல்ல வேண்டிய கவனம் முழுவதும் மலைக்கும் நீருக்கும் பறவைக்கும் செல்கிறது. நிலம் பேசத் தொடங்குகிறது. எழுத உட்காரும் முன் இவ்விதியை மனத்தில் இருத்திக்கொண்டு, சில வாரங்கள் வாசிப்பில் மட்டும் செலவிடுங்கள்.

வாசிப்பைக் குறுந்தொகையிலிருந்து தொடங்குவதே நல்லது. நானூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்கள்; பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகள். அச்சுநூல் கிடைக்காவிட்டால் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பைக் கைப்பேசியிலேயே படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரைகளும் உள்ளன. வாரத்திற்கு ஒரு பாடல் போதும். முதலில் உரையைப் படித்துப் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். பின்பு மூலத்தை வாய்க்குள்ளாவது சொல்லிப் பாருங்கள். இடைநிலைப்பள்ளியில் தேர்வுக்காகத் தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: திணை, துறை, கூற்று என்று வகைப்படுத்தி முடித்ததும் பாடலும் முடிந்துவிட்டதாக எண்ணும் பழக்கம் நமக்கு உண்டு. வகைப்பாடு வாசல் மட்டுமே.

குறுந்தொகையின் 25ஆம் பாடலாகிய கபிலர் பாடலை எடுத்துக்கொள்வோம். தலைவன் தன்னோடு கூடியதற்குச் சாட்சி யாருமில்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தலைவி கலங்குகிறாள். பிறகு, ஒரு குருகு அங்கே இருந்ததாகச் சேர்த்துக்கொள்கிறாள். தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களையுடைய அக்குருகு, ஓடும் நீரில் ஆரல்மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. பாடல் அத்துடன் முடிகிறது. முத்தம் இல்லை, தழுவல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் கண் எதன்மேல் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு பறவையின் காலின் பருமனையும் நிறத்தையும் அவள் மறக்கவில்லை. இன்பத்தின் உச்சத்தில் உலகம் மறந்துபோகும் என்று திரைப்பாடல்கள் சொல்லிக்கொண்டே இருக்க, அந்த நேரத்தில்தான் உலகம் மிகக் கூர்மையாகத் தெரியும் என்கிறார் கபிலர். அவர் சொல்வதே உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பறவையோ அவர்களைப் பார்க்கவே இல்லை. அதன் பசி அதற்கு. சாட்சியாக இருந்தும் சாட்சி சொல்லாத ஒன்றை நடுவில் நிறுத்தியதால், அவளுடைய இன்பமும் அச்சமும் ஒரே படத்திற்குள் அடங்கிவிடுகின்றன.

இப்படி ஒரு பாடலை வாசித்தபின் குறிப்பேட்டில் விளக்கவுரை எழுத வேண்டாம். எந்தச் சொல்லில் உங்கள் வாசிப்பு மெதுவானது, எங்கே உடல் சற்றுச் சூடேறியது, எங்கே முகம் சுளித்தீர்கள், எங்கே சலிப்பு வந்தது என்பதை மட்டும் இரண்டு வரிகளில் குறியுங்கள். பத்துப் பாடல்கள் ஆனபின் அக்குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால், உங்களுக்குக் காத்திருப்பு பிடிக்கிறதா, சீண்டல் பிடிக்கிறதா, ஒளிவுமறைவு பிடிக்கிறதா, தொடுகையைவிடக் குரல்தான் பிடிக்கிறதா என்பது ஓரளவு தெரியவரும். பிடித்திருக்க வேண்டும் என்று பிறர் சொல்லிக்கொடுத்தவையும் உண்மையாகவே பிடித்தவையும் அங்கே பிரியத் தொடங்கும். சலிப்பு வந்த இடங்களை மறைக்காதீர்கள். கொண்டாடப்படும் பாடல் ஒன்று உங்களைத் தொடவில்லை என்றால் அதுவும் உங்களைப் பற்றிய செய்திதான்.

அடுத்து வெள்ளிவீதியார். கபிலர் ஆணாக இருந்து பெண்ணின் குரலில் பாடினார். பெண்ணாகிய வெள்ளிவீதியாரோ குறுந்தொகையின் 58ஆம் பாடலில் தலைவனின் குரலை எடுத்துக்கொள்கிறார். வெயில் காயும் பாறையின்மேல் வெண்ணெய் வைத்திருக்கிறது. காவலுக்கு இருப்பவனுக்குக் கையும் இல்லை, பேசும் வாயும் இல்லை. கண் மட்டும் உண்டு. வெண்ணெய் உருகிப் பரவுவதை அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். என் நோயும் அப்படித்தான் பரவிவிட்டது என்கிறான் தலைவன். ஆசையின் தவிப்பை இவ்வளவு துல்லியமாகக் காட்டுவதற்கு அவர் பயன்படுத்தியவை ஒரு பாறையும் ஒரு கைப்பிடி வெண்ணெயும்தான். தமக்குரியதல்லாத குரலில் பேசுவது ஒருவருக்கு எவ்வளவு விடுதலை தரும் என்பதற்கும் இவ்விரு பாடல்களும் சான்று. எழுத்துப் பயிற்சியின்போது இதற்கு மீண்டும் வருவோம்.

மூன்றாவதாக, நாச்சியார் திருமொழியில் சங்கை விளித்துப் பாடும் பத்துப் பாடல்கள். மார்கழியில் கோயிலில் திருப்பாவை கேட்டு வளர்ந்த பலர் ஆண்டாளின் இந்தப் பகுதியைப் படித்ததே இல்லை. திருமாலின் வாயோடு நெருங்கிப் பழகும் சங்கிடம், அந்த வாய் கருப்பூரம் மணக்குமா, கமலப்பூ மணக்குமா, தித்தித்திருக்குமா என்று அவள் ஆசையோடு கேட்கிறாள். பக்தியைத் தனியே, காமத்தைத் தனியே பிரித்தெடுக்க முயலாமல் படியுங்கள், அவள் பிரிக்கவில்லை. எழுதுவோர் இங்கே கற்க வேண்டியது, விரும்பியவரைத் தொட்ட பொருள் ஒன்றோடு பேசும் உத்தி.

இனி எழுத்துக்கு வருவோம். தொடக்கத்தில் பெரும்பாலோர் செய்யும் வேலை, குறிஞ்சிப்பூவையும் தினைப்புனத்தையும் அப்படியே தூக்கிவந்து நட்டுவைப்பது. சுங்கை சிப்புட்டின் கிழக்கே மலை உண்டு, தினைப்புனம் இல்லை. நம்மைச் சுற்றி இருப்பவை ரப்பரும் செம்பனையும்தான். அவற்றின் கருப்பொருளை, அதாவது அந்நிலத்துக்குரிய மரம், உயிர், தொழில் முதலியவற்றை, தேடி ஒரு பட்டியல் எழுதிவையுங்கள். விடிவதற்குமுன் பால்மரம் சீவுவது ஏன் என்று தாத்தா பாட்டியைக் கேளுங்கள்: வெயில் ஏறுவதற்குமுன் மரத்தில் நீரழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக ஓடும். ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலையுதிர்ந்து நிற்கும் வாரங்களில் பாலும் குறையும், கூலியும் குறையும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன கணவனை நினைத்திருக்கும் ஒருத்தியின் பிரிவைப் பாடும் பாலைத் திணைக்கு அதைவிடப் பொருத்தமான காடு வேறு எங்கே? செம்பனையைக் கவிதைக்கு ஆகாத மரம் என்று ஒதுக்குவோரும் உண்டு. அதன் ஆண்பூ சோம்பு போல மணக்கும். 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு கூன்வண்டு அந்த மணத்தைத் தேடிப் போகிறது. பெண்பூவும் சில நாட்களுக்கு மட்டும் அதே மணத்தை வெளியிட, வண்டு ஏமாந்து அங்கும் போய் மகரந்தத்தை விட்டுவிட்டு வருகிறது. அந்த வண்டு வருவதற்குமுன் தோட்டங்களில் தொழிலாளர்களே பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தூவினார்கள். தும்பியைப் பாடிய மரபுக்கு இந்தக் கூன்வண்டு எவ்வகையில் குறைந்தது?

பட்டியல் நிரம்பியதும் ஒரு நிகழ்ச்சியை எழுதிப் பாருங்கள். முதல் வரைவு அனேகமாக இப்படி வரும்: “அவனைப் பார்த்ததும் என் இதயம் படபடத்தது. அவன் கை பட்டதும் உடல் முழுவதும் மின்சாரம் பாய்ந்தது.” இதில் பொய் இல்லை, ஆனால் இது யாருடைய உடல் என்று தெரியவில்லை. திரைப்படம் நமக்குக் கொடுப்பது பார்வையும் ஒலியும் மட்டுமே. வள்ளுவரோ கண்டும் கேட்டும் உண்டும் முகர்ந்தும் தொட்டும் அறியும் ஐம்புலன் இன்பமும் தலைவியிடம் இருப்பதாகக் கூறுகிறார். எனவே விடுபட்ட மூன்று புலன்களை நோக்கி வரைவைத் திருப்புங்கள். பட்டியலிலிருந்து ஒரு பொருளை உள்ளே விடுங்கள். மேற்சொன்ன வரிகள் அப்போது இவ்வாறு மாறலாம்:

“மழை இறங்குவதற்குள் மரத்தில் கட்டிய மங்குகளில் வடிந்திருந்த பாலைச் சேர்த்துவிட எல்லாரும் ஓடினோம். அடுத்த நிரையிலிருந்து வந்தவன் என் வாளியை வாங்கினான். நான் உடனே விடவில்லை. கைப்பிடியில் இரண்டு கைகளும் பிசுபிசுத்துக் கிடந்தன. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சேர்க்காமல் விட்ட மரங்களின் பால் மங்கை நிறைத்து வழிந்து மண்ணில் வெள்ளையாக ஓடியது. ஸ்டோரில் எடை குறைந்ததற்குக் கணக்கெழுதும் கிராணி காரணம் கேட்டார், மழை என்றேன். விரலில் காய்ந்திருந்த பாலை அன்று இரவுவரை உரிக்கவில்லை.”

இரண்டாவது வரைவில் இதயமும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஆசை என்ற சொல்கூட இல்லை. அவள் கைவிட்ட கூலியும், பொய்யாகாத அந்தப் பதிலும், உரிக்காமல் வைத்திருந்த தோல்போன்ற பாலும் அவற்றின் வேலையைச் செய்கின்றன. இதைவிட வெளிப்படையாக எழுத விரும்பினால் எழுதலாம். உடலுறுப்பைப் பெயர் சொல்லி எழுதுவதில் இழிவு ஒன்றும் இல்லை, சங்கப் பாடல்களே அதற்குத் தயங்கியதில்லை. வெளிப்படையாக எழுதும்போதும் அதே அளவுகோல்தான்: இந்த வரி இந்த இருவருக்கு மட்டுமே பொருந்துமா, எவருக்கும் பொருந்துமா?

இரண்டு கிளைப் பயிற்சிகள். ஆண்டாளின் வழியில், விரும்பியவரின் தலைக்கவசத்தையோ தண்ணீர்ப் புட்டியையோ விளித்து நான்கு கேள்விகள் கேளுங்கள். பதில் எழுத வேண்டாம். கபிலர், வெள்ளிவீதியார் வழியில், எழுதி முடித்த நிகழ்ச்சியை மற்றவரின் குரலில் திரும்ப எழுதுங்கள். அவருக்கு அந்த நேரத்தில் விருப்பம் இருந்ததா, இசைவு இருந்ததா என்பது அப்போதுதான் தெரியும். தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் எழுத்தை நிறுத்திவிட்டு, நீங்கள் கற்பனை செய்துகொண்டது எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

பாதுகாப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். பெயரை மட்டும் மாற்றினால் சிற்றூரில் ஆளை மறைக்க முடியாது. தொழிலையும் வயதையும் வண்டியின் நிறத்தையும் மாற்றுங்கள், ஆனால் மழையை மாற்றாதீர்கள். ஏட்டில் எழுதுவோர் அதை வைக்கும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்யட்டும்; கைப்பேசியில் எழுதுவோர் கோப்புக்குக் கடவுச்சொல் இடட்டும், குடும்பத்தார் பார்க்கும் புலன (வாட்ஸ்அப்) குழுவில் தவறிப் பகிர்ந்துவிடாமல் இருக்கட்டும். ஆபாசமெனக் கருதப்படும் உள்ளடக்கத்தை இணையவழி அனுப்புவதை நம் நாட்டின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு குற்றமாகக் கொள்ளக்கூடும் என்பதும் நினைவிருக்கட்டும். கேட்காத ஒருவருக்கு இத்தகைய எழுத்தை அனுப்புவது, சட்டம் ஒருபுறம் இருக்க, அவருக்குச் செய்யும் தொல்லை.

மணமானவர்கள் இருவராகச் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுவே. காமத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்கள் முழுவதும் ஊடலைப் பற்றியவை. கணவன் தும்மினான்; மனைவி வாழ்த்தினாள்; உடனே, எவள் நினைத்ததால் தும்மினீர் என்று அழுதாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். உம்மவர் நினைப்பதை எனக்கு மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுகிறாள். இன்பத்தில் சிரிப்புக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதை இந்த இரண்டு குறள்களைப்போல் காட்டியவை குறைவு. இவற்றை இருவரும் சேர்ந்து படித்தபின், உங்களுக்குள் அண்மையில் நடந்த சிறு சண்டை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்; பணம், மாமியார் தொடர்பான பெரிய சண்டைகள் இதற்கு உதவா. மனைவி கணவனின் குரலிலும் கணவன் மனைவியின் குரலிலும் அதை ஒரு பக்கம் எழுத வேண்டும். பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருக்கும் பிற்பகல் இதற்கு உகந்தது. படித்துக் காட்டும்போது ஒருவர் மற்றவரின் எழுத்துப்பிழையைத் திருத்தக் கூடாது. “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்ற வாக்கியத்திற்கும் அன்று அனுமதி இல்லை. சொல்லியே ஆக வேண்டுமென்றால், அதையும் மற்றவரின் குரலில் எழுதிக் காட்டலாம்.