மங்குக்கு மருந்து களிம்பில் தொடங்குவதில்லை

ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக் களத்தில் வேலை பார்த்த என் அக்காவுக்கு இரண்டு கன்னங்களிலும் மூக்கின் மேலும் மங்கு எனப்படும் கருந்திட்டு படர்ந்தது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கொடுத்த ஒரு களிம்பைப் பூசினாள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆயிற்று. மூன்றாவது மாதம் கன்னத்தில் பூனைமயிர் அடர்ந்தது, சிலந்தி வலை போலச் சிவந்த இரத்தக் குழாய்கள் தெரிந்தன. களிம்பை நிறுத்தியதும் முகம் எரிந்து, மங்கு முன்னைவிடக் கறுத்தது. அதில் ஸ்டீராய்டு இருந்தது. இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதித்தும், நிறம் கூட்டும் மருந்தாக அவை இன்றும் கைமாறுவது எனக்குப் பெரும் வேதனை.

முதலில், உங்கள் முகத்தில் இருப்பது எது என்று கண்ணாடியில் பாருங்கள். இரு பக்கமும் ஒத்தாற்போல் கன்னம், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் படர்ந்திருந்தால் அது பெரும்பாலும் மங்கு. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் அது தோன்றுவதும் கூடுவதும் உண்டு. பரு இருந்த இடத்தில் மட்டும் கருமை தங்கியிருந்தால், பருவைக் கிள்ளாமல் வெயிலும் படாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் அது தானே மங்கும். கழுத்து மடிப்பு தடித்து வெல்வெட் போலக் கறுத்திருந்தால் அழுக்கென்று தேய்க்காதீர்கள்; இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.

எந்த வகையானாலும் வெயிலை மறைக்காமல் பூசும் மருந்து ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர்தான். சேலத்தில் வெயில் சுடுவதால் குடையாவது பிடிக்கிறோம். ஏற்காட்டில் குளிர்ந்த காற்று நம்மை ஏமாற்றிவிடுகிறது. சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள அந்த மலையில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கூடுதல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய பத்து விழுக்காடு கூடும், மெல்லிய மேகத்தையும் ஊடுருவும். ஆகவே எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை நீளமாகப் பிதுக்கி, அவ்வளவையும் முகத்திலும் கழுத்திலும் பூசுங்கள். கடுகளவு தொட்டுத் தேய்த்தால் பயனில்லை. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுக்கச் செய்வதால், மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயலுள்ள வகை மேலானது. களத்தில் வேலை செய்பவர்கள் அகன்ற விளிம்புத் தொப்பியும் அணிய வேண்டும். வெள்ளிப் பட்டறை உலையருகே நிற்பவர்களுக்கு அனலே மங்கைக் கூட்டக்கூடும்.

பூசும் மருந்துகளில் நியாசினமைடு, அசெலாயிக் அமிலம் இரண்டும் மென்மையானவை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் இரவில் பட்டாணி அளவில் தொடங்கி, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். கருமையைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன் மருந்தை மருத்துவர் சொன்ன காலத்திற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். கர்ப்பிணிகள் அதையும் வைட்டமின் ஏ வகை மருந்தான ரெட்டினாய்டையும் தொடக் கூடாது. எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் போனால் தோல் வெந்து புதுக் கருந்திட்டு வரும். பயத்தமாவு அழுக்கை எடுக்கும், மங்கை எடுக்காது. உள்ளடக்கம் அச்சிடாத சிவப்பழகுக் களிம்புகளில் பாதரசம் இருக்கக்கூடும் என்பதால் அவற்றை வாங்காதீர்கள்.

புள்ளி வேகமாகப் பெரிதானாலோ, விளிம்பு கோணலானாலோ, இரத்தம் கசிந்தாலோ காத்திருக்காமல் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவு போன்ற இடத்தில் காட்டுங்கள். பூசிவந்த களிம்புக் குழாயையும் கையோடு கொண்டுபோங்கள். அக்காவின் பையில் இருந்த அந்தக் காலிக் குழாயைப் பார்த்த பிறகுதான் மருத்துவருக்கே காரணம் புரிந்தது.