டெல்லி ரயிலுக்குக் கட்டுச்சோறு: கெடாமல் கொண்டுபோவது எப்படி

டெல்லிக்கு டிக்கெட் போட்ட அன்றைக்கே எங்கள் வீட்டில் கிளம்பும் முதல் கேள்வி, என்ன கட்டிக்கொண்டு போவது என்பதுதான். தங்கை அங்கே இருப்பதால் வருஷத்துக்கு ஒரு முறையாவது தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவோம். இரவு பத்து மணி வாக்கில் சென்ட்ரலில் கிளம்பினால் நடுவில் ஒரு முழுப் பகல், அதைத் தாண்டி இன்னொரு இரவு, மூன்றாம் நாள் காலையில் டெல்லி. ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். ரயிலில் பேன்ட்ரி இருக்கிறது, இப்போது போனில் ஆர்டர் செய்தால் இருக்கைக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். இருந்தாலும் சின்னப் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு கையில் இருப்பது பெரிய நிம்மதி. வயிற்றைக் கெடுக்காத சாப்பாடாக அது இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எத்தனை வேளை என்று எண்ணிக்கொள்ளுங்கள். கிளம்புகிற அன்று இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போவதுதான் நல்லது. பெட்டியில் ஏறி, பைகளைச் சீட்டுக்கடியில் தள்ளி, யார் எந்த பெர்த் என்று முடிவு செய்வதற்குள் பத்தரை ஆகிவிடும், பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்துப் படுக்கிற நேரம், அந்த நேரத்தில் பொட்டலம் பிரித்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு. ஆக, கட்ட வேண்டியது மறுநாள் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளைக்கு. இந்த மூன்றையும் ஒரே மாதிரி யோசித்தால்தான் தப்பு வருகிறது. காலையில் சாப்பிடுவது பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் தாங்கினால் போதும், இரவு சாப்பிடப்போவது ஒரு நாளைக்கு மேல் தாங்க வேண்டும். எங்கள் கணக்கு இதுதான்: காலைக்குப் பொடி தடவிய இட்லி, மதியத்துக்குப் புளிச்சாதமும் தயிர்சாதமும், இரவுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். ஈரம் அதிகமாக இருப்பதை முதலில் தீர்த்துவிட வேண்டும், ஈரம் குறைந்தது கடைசி வரைக்கும் நிற்கும்.

கட்டுச்சோற்றைக் கெடுப்பது ஈரமும் சூடும் சேர்ந்துதான். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன்னால், கிளம்புகிற அவசரத்தில், ஆவி பறக்கப் பறக்கத் தயிர்சாதத்தைத் தூக்கில் போட்டு இறுக்கி மூடிவிட்டேன். மறுநாள் பல்லார்ஷா தாண்டி, வெளியே வெயில் வெள்ளையாய்க் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில் திறந்தேன். மூடியின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது, சாதத்தின் மேல் ஓரத்தில் மெல்லிசாக நுரை, கரண்டியை விட்டால் நூல் மாதிரி இழுத்தது. நல்லவேளை, பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் பார்த்தேன். அம்மா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "ஆற வச்சியா?" ஆற வைக்கவில்லை.

அரிசியில் பேசிலஸ் செரியஸ் என்று ஒரு கிருமி உண்டு, அதன் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும், அப்புறம் திரும்பச் சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மூடிய டப்பாவுக்குள் சூட்டுச் சோறு அப்படித்தான் வெகுநேரம் வெதுவெதுப்பாகக் கிடக்கிறது. புளியும் எண்ணெயும் உப்பும் தாராளமாகச் சேர்ந்த சோற்றில் கிருமி பெருகுவது கஷ்டம். நம் வீடுகளில் ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் புளியோதரை கூடவே வருவதற்கு ருசி மட்டும் காரணம் இல்லை.

சரி, புளிச்சாதத்துக்கு வருவோம். நான்கு பேருக்குச் சொல்கிறேன். புளிக்காய்ச்சலைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே செய்துவிடுங்கள், ஊற ஊறத்தான் அதற்கு ருசி. பெரிய எலுமிச்சை அளவு புளி இரண்டு உருண்டை, பழைய புளியாக இருந்தால் நிறமும் நன்றாக வரும். வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் நாம்தான் நின்று சுண்ட வைக்க வேண்டும். வாணலியில் 100 மில்லி நல்லெண்ணெய், அதில் கடுகு, கடலைப்பருப்பு, பத்து வற்றல் மிளகாய், கறிவேப்பிலை, நல்ல கட்டிப் பெருங்காயம் ஒரு துண்டு. பிறகு புளிக்கரைசல், மஞ்சள்தூள், கல் உப்பு. அடுப்பைக் குறைத்துவிட்டு அரை மணி நேரமாவது விடுங்கள். கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் கோடு அப்படியே நின்று, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மிதக்க வேண்டும், அதுதான் பதம். இறக்கும்போது வெந்தயம் அரை ஸ்பூன், மல்லி ஒரு ஸ்பூன் வறுத்துப் பொடித்ததைத் தூவுங்கள். எண்ணெயில் கை வைத்துக் குறைக்காதீர்கள், சோற்றைக் காப்பாற்றுவதில் அதற்கும் பங்கு உண்டு. ஆறியதும் ஈரமில்லாத பாட்டிலில் எடுத்து வையுங்கள், சோற்றுக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே செய்யலாம்.

சோறு உதிரியாக வேண்டும். ஒரு டம்ளர் பச்சரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். வெந்ததும் பெரிய தாம்பாளத்தில் கொட்டி, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, கரண்டிக் காம்பால் கிளறிவிட்டு, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடே தெரியக் கூடாது. பிறகுதான் புளிக்காய்ச்சல். வறுத்த வேர்க்கடலையைக் கலந்து கட்டினால் மறுநாள் நமுத்துப்போய் ரப்பர் மாதிரி ஆகிவிடும், தனியாக ஒரு சின்ன டப்பியில் எடுத்துக்கொண்டு சாப்பிடும்போது தூவிக்கொள்ளுங்கள்.

தயிர்சாதத்தில் தயிர் போடுவதில்லை, பாலைத்தான் ஊற்ற வேண்டும். குழைய வேகவைத்த சோற்றைச் சூடாக இருக்கும்போதே மசித்து, ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் காய்ச்சிய பால் விட்டுக் கிளறி, நன்றாக ஆறவிட்டு, ஒரே ஒரு ஸ்பூன் தயிர். அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ரயிலிலேயே அது தோயும், மதியம் திறக்கும்போது புளிக்காமல் பக்குவமாக இருக்கும். முதலிலேயே தயிர் ஊற்றிப் பிசைந்தால் விஜயவாடா வருவதற்குள்ளேயே புளித்துவிடும். வெங்காயம் கூடவே கூடாது. மாதுளை முத்து, திராட்சை எல்லாம் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம். இது ஏசி பெட்டிக்குச் சொன்னது. மே மாதத்தில் படுக்கை வசதிப் பெட்டியில் போகிறவர்கள் தயிர்சாதத்தை விட்டுவிடுங்கள், எப்படிப் பக்குவம் செய்தாலும் அந்த வெயிலை நம்ப முடியாது.

இட்லிக்கு மாவு அதிகம் புளித்திருக்கக் கூடாது. பொங்கியதும் எடுத்து ஊற்றிவிடுங்கள், இன்று லேசாகப் புளித்திருக்கும் மாவு நாளைக்காலையில் இட்லியில் பல்லைக் கூசவைக்கும். ஊறப்போடும்போது ஒரு ஸ்பூன் வெந்தயம் சேர்த்தால் மறுநாளும் மெத்தென்று இருக்கும். ஆளுக்கு நான்கு கணக்கு வையுங்கள். மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து, இட்லி வெதுவெதுப்பாக இருக்கும்போதே இரண்டு பக்கமும் ஓரமும் விடாமல் தடவுங்கள், அந்தச் சூட்டில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். தடவிய பின் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டு அப்புறம் கட்டுங்கள். தேங்காய்ச் சட்னியைக் கொண்டுபோக நினைக்க வேண்டாம், ஒரு ராத்திரிகூடத் தாங்காது. தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும் என்றால், பருப்பை வறுத்துத் தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்த கெட்டித் துவையல் காலை வரைக்கும் நிற்கும்.

சப்பாத்திக்குச் சிலர் பாலில் பிசைவார்கள், மிருதுவாக வரும் என்பது உண்மைதான். மறுநாள் காலையிலேயே சாப்பிடுவதாக இருந்தால் அது சரி, இரவு வரைக்கும் போக வேண்டும் என்றால் வெந்நீரும் இரண்டு ஸ்பூன் எண்ணெயும் போதும். சுட்டதைச் சுடச்சுட ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் வெள்ளைத் துணியில் பரப்பி ஆறவிட்டு, பிறகு அடுக்கி, அதே போன்ற உலர்ந்த துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள், மிச்ச ஈரத்தைத் துணி வாங்கிக்கொள்ளும். தொக்கும் புளிக்காய்ச்சல் மாதிரிதான், எண்ணெய் பிரியும் வரை சுருள வேண்டும். உருளைக்கிழங்கு மசாலாவை இரவுக்குக் கொண்டுபோகாதீர்கள், வேகவைத்த கிழங்கும் வெங்காயமும் சேர்ந்தால் சீக்கிரம் ஊசிப்போகும்.

கட்டுவதற்கு வாழை இலைக்கு ஈடு எதுவும் இல்லை. நடுத்தண்டைச் சீவிவிட்டு, அடுப்புத் தணலில் மேலே கீழே காட்டினால் இலை பளபளவென்று கரும்பச்சையாகி துணி மாதிரி வளையும். வாட்டாமல் மடித்தால் கிழிந்து எண்ணெய் வழியும். ஆளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிவிட்டால் ஓடுகிற ரயிலில் தட்டு, கரண்டி, பரிமாறல் எதுவும் வேண்டாம், பிரித்த இலையே தட்டு. அச்சு மை ஒட்டும் என்பதால் செய்தித்தாளை உணவில் படும்படி சுற்ற வேண்டாம், வெளியே ஒரு சுற்றுச் சுற்றி நூல் கட்டுவதோடு நிற்கட்டும். தயிர்சாதத்துக்கு மட்டும் எவர்சில்வர் தூக்கு. இறுக்கி மூடுவதற்கு முன் மூடியின் உள்பக்கத்தை ஒரு முறை துணியால் துடைத்துவிடுங்கள், நான் இப்போது இரண்டு முறை துடைக்கிறேன்.

கிளம்புகிற அன்று நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். ஏழு மணிக்குப் பொட்டலம் கட்டி முடித்திருக்க வேண்டும் என்றால் ஆறுவதற்கு ஒரு மணி நேரம் போக, ஐந்தரைக்குள் அடுப்பு வேலை முடிந்திருக்க வேண்டும். மூன்று மணிக்குச் சப்பாத்தியில் தொடங்குங்கள், பிறகு இட்லி, கடைசியாக இரண்டு சோறும். பையில் அடுக்கும்போது இதற்கு நேர்மாறாக, இரவுக்கானது அடியில், காலைக்கானது மேலே. வெளியே ஒட்டின காகிதத்தில் "காலை", "மதியம்" என்று எழுதிவிட்டால், நாம் மேல் பெர்த்தில் தூங்கிக்கொண்டிருந்தாலும் பிள்ளைகளே சரியான பொட்டலத்தை எடுத்துக்கொள்வார்கள். கூடவே ஒரு பழைய துண்டு, ஈரத் துணி ஒன்று பிளாஸ்டிக் உறையில், குப்பைக்குத் தனியாக இரண்டு பை. சாப்பிட்ட இலையை ஜன்னல் வழியாக எறியக் கூடாது, தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்களும் மனிதர்கள்தான்.

சூடாக ஏதாவது வேண்டும் என்று சின்ன அடுப்போ மின்சாரக் கெட்டிலோ எடுத்துப்போக நினைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். 2023 ஆகஸ்டில் மதுரையில் சுற்றுலாப் பயணிகள் வந்த ஒரு பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது உயிர் போனது. குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமானால் நல்ல பிளாஸ்கில் வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள்.

எல்லாவற்றையும் கட்டிச் சுமக்கவும் வேண்டாம். பனிக்காலத்தில் போனால் நாக்பூரில் ஆரஞ்சு வாங்கிக்கொள்ளலாம். வழியில் வாழைப்பழம் எங்கும் கிடைக்கும், அது பையில் நசுங்குவதைவிட வாங்குவதே மேல். வீட்டிலிருந்து முறுக்கும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் எடுத்தால் போதும். திருநெல்வேலி, தென்காசி பக்கம் ஓரிரவில் போய்ச் சேருகிறவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையே இல்லை, பத்து இட்லி போதும், ரயில் கடம்பூரில் நின்றால் போளி வாங்க இறங்கலாம்.

எதிர் சீட்டுக்காரர்களிடம் "எடுத்துக்கோங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம், அதற்காகவே இட்லியில் நான்கு கூடுதலாக வைப்போம். போன தடவை போபாலில் இறங்க வேண்டிய ஒரு பெரியம்மா இரண்டு இட்லி வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அவர் வீட்டு மேத்தி தேப்லாவைக் கொடுத்தார். நம் சப்பாத்தியைவிட அது இன்னும் ஒரு நாள் கூடத் தாங்கும் போலத் தெரிந்தது, வெந்தயக்கீரை போட்டு எண்ணெய் விட்டுப் பிசைந்தது என்று சொன்னார். அடுத்த பயணத்துக்கு அதைத்தான் செய்து பார்க்கப்போகிறேன்.

புளிக்காய்ச்சல் பாட்டிலில் மிச்சம் இருக்கும் அல்லவா, அதைத் தங்கை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மூன்றாம் நாள் மதியம், குளித்துவிட்டு உட்கார்ந்ததும், சூடான சோற்றில் அதைத்தான் முதலில் கேட்பாள்.