மணாலி–லே சாலையில் எங்கே தூங்குவது

மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்கு முதல் தடவை காரில் போனபோது பலர் செய்கிற தவறைத்தான் நானும் செய்தேன். காலையில் மணாலியில் கிளம்பி, ராத்திரி வழியில் சர்ச்சு என்ற இடத்தில் கூடாரத்தில் படுத்தோம். மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம், சர்ச்சு கிட்டத்தட்ட 4,300. ஒரே நாளில் அவ்வளவு ஏறினால் உடம்பு சும்மா இருக்குமா? மனைவிக்கு விடிய விடிய வாந்தி. எனக்கு மண்டையை இடுக்கியில் பிடித்த மாதிரி வலி.

இதில் பெரிய சிக்கல், சர்ச்சுவிலிருந்து சுலபமாக இறங்க வழியில்லை என்பது. மலை நோய்க்கு முதல் வைத்தியம் கீழே இறங்குவது. ஆனால் சர்ச்சுவுக்குத் தெற்கே பாரலாச்சா லா, வடக்கே லாச்சுலுங் லா. ('லா' என்றால் கணவாய்.) எந்தப் பக்கம் போனாலும் முதலில் இன்னும் மேலே ஏறியாக வேண்டும். அதுவும் இருட்டில்!

அதனால் இரண்டாவது தடவை, சர்ச்சுவுக்கு முன்னாலேயே வரும் ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கினோம். உயரம் சுமார் 3,200 மீட்டர், பக்கத்திலேயே பாகா ஆறு. 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்த பிறகு ரோதாங் கணவாய் ஏற வேண்டிய அவசியமில்லை. மதியச் சாப்பாட்டுக்கே ஜிஸ்பா போய்விடலாம். "ஒரு நாள் வீணா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஆமாம், வீணாக்குங்கள். சும்மா ஆற்றோரம் நடந்தாலே உடம்பு பழகிக்கொள்ளும். மலை நோய் வராமல் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

எப்போது போவது? நவம்பர் வாக்கில் பனி மூடினால், எல்லைச் சாலை அமைப்பினர் வெட்டித் திறக்க ஏப்ரல் கடைசி, மே ஆகிவிடும். திறந்த உடனே ஓடாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் மணாலிப் பக்கம் மழையும் மண்சரிவும். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி.

ஜிஸ்பாவுக்கு முன்னால் தண்டியில் பெட்ரோல் நிரப்புங்கள். அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று அங்கே ஒரு பலகை உண்டு, பலரும் படம் எடுத்துக்கொள்வார்கள். மேடும் முதல் கியருமாகப் போவதால் கார் வழக்கத்தைவிட அதிகமாகவே குடிக்கும். அப்புறம், சிம். வெளிமாநில ப்ரீபெய்டு லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். வழியில் சிக்னலை நம்பாதீர்கள்.

ஜிஸ்பாவில் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை மாலையில் முழங்காலுக்கு வரும். அப்படி ஓடை குறுக்கிட்டால் முன்னால் ஒரு லாரியைப் போகவிட்டு, அதன் தடத்திலேயே முதல் கியரில் நிற்காமல் போங்கள்.

பாரலாச்சாவில் இறங்கி ஐந்து நிமிஷம் நின்றால் போதும். சர்ச்சுவில் டீ, அவ்வளவுதான். அடுத்து காட்டா வளைவுகள், 21 கொண்டை ஊசி. அங்கே ஓரிடத்தில் தண்ணீர் பாட்டில்கள் குவிந்திருக்கும். பனியில் மாட்டி, தாகத்தோடு இறந்துபோன ஒரு லாரி கிளீனரின் ஆவிக்காம். நம்புகிறேனோ இல்லையோ, நானும் ஒரு பாட்டில் வைத்தேன்.

மதியம் பாங் என்ற இடத்தில் ராஜ்மா சாதம். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், உயரத்தில் செரிக்காது. தலைவலி தாங்க முடியவில்லை, நடை தள்ளாடுகிறது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்றால் அங்குள்ள ராணுவ முகாமில் உதவி கேளுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று சமாளிக்காதீர்கள்.

பாங்குக்கு மேலே மோரே சமவெளி, நாற்பது கி.மீ. நேர்ச்சாலை. வண்டி பறக்கும். ஆனால் கடைசிக் கணவாய் தங்லங் லா 5,328 மீட்டர், இந்த வழியிலேயே உயரமானது. அதை நான்கு மணிக்குள் தாண்டிவிட்டால் உப்ஷியில் சிந்து நதியை வெளிச்சத்தில் பார்க்கலாம். நாங்கள் ஏழு மணிக்கு லே சேர்ந்தோம். மனைவி இரண்டு கிண்ணம் துக்பா (நூடுல்ஸ் சூப்) சாப்பிட்டாள். மறுநாள் எங்கும் போகவில்லை, லேக்கு வடக்கே இருக்கும் கர்துங் லாவை மூன்றாம் நாளுக்குத் தள்ளினோம்.