கனெக்டிங் ராடு நீளம்: என்ஜின் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை நீளமாகப் போட்டால் சி.சி. (என்ஜின் கொள்ளளவு) கூடும் என்று நம்புகிறவர்கள் ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கூடாது. பிஸ்டன் எவ்வளவு ஏறி இறங்கும் என்பது, அதாவது ஸ்ட்ரோக், சுழலும் கிராங்க் தண்டின் கையில் இருக்கிறது. ஸ்ட்ரோக் 80 மி.மீ. என்றால் 130 ராடு போட்டாலும் 140 போட்டாலும் அதே 80 தான். நீளம் என்பதும் ராடின் இரண்டு முனைத் துளைகளின் நடுவுக்கு நடு எடுக்கும் அளவு. ஓரத்துக்கு ஓரம் அளந்து பழைய கடையில் ராடு வாங்குவது வீண்.

நீளம் மாற்றுவது ராடு சாயும் கோணத்தை. ராடு நீளம் ஸ்ட்ரோக்கைப் போல 1.5 மடங்கு இருந்தால் அதிகபட்சச் சாய்வு சுமார் 19.5 டிகிரி, 1.75 மடங்கு என்றால் 16.6. சாய்வு குறைந்தால் பிஸ்டன் லைனரை (சிலிண்டரின் உள்சுவரை) அழுத்துவதும் குறையும். நல்லதுதான், ஆனால் எவ்வளவு? கிராங்க் உச்சியிலிருந்து 90 டிகிரி திரும்பும்போது 130 ராடில் பிஸ்டன் 46.3 மி.மீ. இறங்கியிருக்கும், 140 ராடில் 45.8. இந்த அரை மில்லிமீட்டருக்காகச் செலவழித்துவிட்டு "பிக்கப் ஏறிடுச்சுண்ணே" என்பவரிடம் நான் வாதாடுவதில்லை.

அதே 10 மி.மீ.க்கு, ராடைப் பிஸ்டனில் கோக்கும் பின்னுக்கான துளையை 10 மி.மீ. மேலே தள்ள வேண்டியிருக்கும். பாதி ஸ்ட்ரோக், ராடு நீளம், பின் நடுவிலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரம், மூன்றும் சேர்ந்து பிளாக் உயரத்துக்குள் அடங்கியாக வேண்டும். ஷெவர்லே 350, 400 வி8 என்ஜின்களைப் பாருங்கள். பிக் எண்ட் (ராடு கிராங்கில் மாட்டும் பெரிய முனை) அளவு ஒன்றே. ஆனால் 400-ல் பாதி ஸ்ட்ரோக் 3.4 மி.மீ. கூடியதால் ராடை அதே 3.4 மி.மீ. குறைத்தார்கள். பேரிங் பொருந்துகிறதே என்று 350 ராடை 400-ல் மாட்டினால் பிஸ்டன் பிளாக்குக்கு மேலே தலை நீட்டும்.

நம் ஊரில் ராடு நீளம் மாறுவது பெரும்பாலும் யாரும் கேட்காமலே. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீருக்குள் வண்டியை விடுகிறார்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. தண்ணீர் அமுங்காது, ராடு வளையும். பிறகு காயவைத்து, ஆயில் மாற்றி ஸ்டார்ட் செய்தால் ஓடும். அதனால்தான் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். 75 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 80 ஸ்ட்ரோக் உள்ள டீசல் என்ஜினில் ராடு அரை மி.மீ. குறைந்தால் 22 இருந்த கம்ப்ரஷன் விகிதம் (காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) ஏறக்குறைய 19.6 ஆகிவிடும். காலையில் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்காமல் புகை விடும். பெட்ரோலில் 9 என்பது 8.6 ஆகும், அவ்வளவு சீக்கிரம் தெரியாது. ரிங்கையும் இன்ஜெக்டரையும் மாற்றுவதற்கு முன் சிலிண்டர் மூடியான ஹெட்டைக் கழற்றி, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சியில் நிற்கும் உயரத்தை டயல் கேஜில் பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் ராடு மேல் சந்தேகம். வளைந்த ராடை பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். மாற்றுவது ஒன்றே வழி.

லேத் பட்டறையிலும் நீளம் போகும். பிக் எண்டின் கழற்றக்கூடிய பாதியான கேப்பின் முகத்தைத் தேய்த்துத் துளையை மறுபடி போர் செய்தாலோ, பிஸ்டன் பக்கச் சிறு முனையான ஸ்மால் எண்டின் புஷ்ஷை மையம் விலகிக் குடைந்தாலோ ராடுக்கு ராடு அளவு மாறும். கேப்களை மாற்றிப் போடவே கூடாது. வேலை முடிந்த ராடை மண்டபம், பாம்பன் உப்புக்காற்றில் ஆயில் தடவாமல் ராத்திரி முழுக்க வைப்பதும் வேண்டாம்; துருக்குழி விழுந்த இடத்தில்தான் விரிசல் தொடங்கும்.

பிளாக் முகத்தைச் சீவினால் பிஸ்டன் மேலே வரும். பல டீசல் என்ஜின்களுக்கு ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் கேஸ்கெட் இரண்டு மூன்று கனங்களில் வருவது இதற்குத்தான். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே நீட்டும் அளவை எடுத்து, அதற்கேற்ற வெட்டுக்குறியோ துளையோ உள்ளதை வாங்க வேண்டும், கடையில் இருப்பதை அல்ல. சந்தேகம் இருந்தால் பிஸ்டன் தலையில் மெல்லிய ஈயக்கம்பித் துண்டுகளை வைத்து, ஹெட்டை முறுக்கி, கையாலேயே கிராங்கை மெதுவாகச் சுற்றுங்கள். நசுங்கிய கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரில் பார்த்து மேனுவலோடு ஒப்பிட்ட பிறகு ஸ்டார்ட்டர் பக்கம் போகலாம்.