வெறும் குலையில் எரு: முதலில் ஆளைச் சேருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் கழிவை எருவாக்க நினைப்பவர்கள் நேராக இயந்திரம் பார்க்கப் போகிறார்கள். வேண்டாம். முதலில் எண்ணெய் ஆலைக்காரர், லோரிக்காரர், கோழிப்பண்ணைக்காரர், காய்கறி போடுபவர் நால்வரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். தே தாரேக் (இழுத்து ஆற்றிய தேநீர்) செலவு உங்களுடையது.

100 டன் செம்பனைக் குலை ஆலைக்குப் போனால் 20 டன்னுக்கு மேல், பழம் நீக்கிய வெறும் குலையாக வெளியே வரும். ஆலைக்காரருக்குத் தலைவலி, நமக்குச் சரக்கு. ஆனால் அது முழுக்க நார், தழைச்சத்து குறைவு. அதற்குத்தான் கோழி எரு. குலையை நறுக்கிக் கலந்து, இடுப்பளவு குவித்து, ஆலைக் கழிவுநீரைத் தெளியுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. சில நாள் கழித்து இரும்புக் கம்பியைச் செருகி எடுங்கள். பிடிக்க முடியாமல் சுட்டால் சரி.

லோரிக் கூலி யார் தலையில் என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதவில்லை, இரண்டு மாதம் குலை ஆலை வாசலிலேயே கிடந்தது.

அப்புறம், முதல் மூட்டையைக் காய்கறிக்காரருக்குச் சும்மா கொடுங்கள், ஒரே ஒரு பாத்திக்கு. எங்கள் ஆள் கங்கோங் கீரைக்குப் போட்டுவிட்டு, “நார் மக்கவே இல்லையே” என்று திட்டினார். அதன் பிறகுதான் குவியலை வாரம் இரண்டு முறை புரட்ட ஆரம்பித்தோம்.