பழைய லென்ஸின் அப்பர்ச்சர் சிக்கினால்: வீட்டில் திறக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய லென்ஸ் ஒன்றை வாங்கி, அப்பர்ச்சர் எனும் ஒளித்துளையின் அளவை மாற்றும் வளையத்தை f/2-இலிருந்து (பெரிய துளை) f/16-க்குத் (சிறிய துளை) திருப்புகிறீர்கள். உள்ளே அந்தத் துளையைச் சுருக்கி விரிக்கும் மெல்லிய பிளேடுகள் அசையவில்லை. அசைந்தாலும் மெதுவாக ஊர்ந்து வருகின்றன. பல நேரங்களில் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் அந்த லென்ஸை ஒரேயடியாகக் கெடுப்பதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

முதல் தவறு, பழுது எங்கே என்று பார்க்காமலே கழற்றத் தொடங்குவது. கேமராவில் திருகி மாட்டும் எம்42 மரை கொண்ட ஆட்டோ லென்ஸ்களில் (படமெடுக்கும் நொடியில் கேமராவே பிளேடுகளை மூடும் வகை) பின்பக்கம் ஊசி போன்ற ஒரு சின்ன முளை, அதாவது பின் (pin), இருக்கும். அதை அழுத்தாதவரை வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் பிளேடுகள் விரிந்தே நிற்கும். ஆட்டோ, மேனுவல் சுவிட்ச் இருந்தால் மேனுவலுக்கு மாற்றிப் பாருங்கள். பழைய கேனான் எஃப்டி லென்ஸ்களில் கேமராவில் மாட்டிப் பூட்டும் வளையம் திறந்த நிலையில் இருக்கும்வரை பிளேடுகள் அசையாது. அது பழுதே அல்ல. நன்றாக இருந்த லென்ஸைத் திறந்து பாழாக்கியவர்கள் நிறைய பேர்.

பின்னை அழுத்தியதும் பிளேடுகள் சட்டென மூட வேண்டும், விட்டதும் சட்டெனத் திறக்க வேண்டும். தயங்கினால் டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். பிளேடுகளின் மேல் ஈரம் போல மினுமினுப்பு தெரிந்தால் அது எண்ணெய். ஃபோகஸ் வளையத்தின் மரையில் தடவிய கிரீஸ் பல வருடங்களில் பிரிந்து, அதன் எண்ணெய் மட்டும் ஊர்ந்து வந்து இங்கே படிந்திருக்கும். காகிதம் போன்ற பிளேடுகளை அந்தப் படலம் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துவிடும். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்கால் அதை மீறி இழுக்க முடியாது. ஷட்டர் திறக்கும் நேரத்துக்குள் பிளேடுகள் மூடாததால் f/11-இல் எடுத்த படம் வெளுத்துப் போகும். ஹீலியோஸ் 44-2 போலக் கையால் திருப்பி மூடும் லென்ஸில் இதே எண்ணெய் வேலையைக் கெடுக்காது. கண்ணாடியில் மங்கல் படராதவரை அதைத் தொடவே வேண்டாம்.

சிக்கிய பொருளுக்கு எண்ணெய் விடுவது நம் கைப்பழக்கம். இங்கே அது கூடவே கூடாது. அப்பர்ச்சர் பிளேடுகள் உலர்ந்து இருந்தால்தான் ஓடும். துரு நீக்கும் ஸ்பிரே, தையல் மெஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

அடுத்ததை நான் செய்திருக்கிறேன். கண்ணாடியைக் கழற்றச் சோம்பல்பட்டு, முன்பக்க இடுக்கு வழியே லைட்டர் பெட்ரோலை உள்ளே விட்டேன். பிளேடுகள் உடனே துள்ளின, மகிழ்ந்து போனேன். இரண்டு வாரத்தில் மறுபடி ஒட்டிக்கொண்டன. போதாததற்கு உட்கண்ணாடியில் வளையம் வளையமாக எண்ணெய்க் கறை. பெட்ரோல் எண்ணெயைக் கரைக்கும், பரப்பும், பிறகு தான் மட்டும் ஆவியாகிவிடும். எண்ணெய் அங்கேயேதான் இருக்கும். கரைந்த எண்ணெயைத் துடைத்து வெளியே எடுத்தால்தான் வேலை முடிந்தது.

அதனால் முன் அல்லது பின் கண்ணாடித் தொகுதியைக் கழற்றி, எதிர்ப்பக்கக் கண்ணாடியை மூடி வைத்துவிட்டு, பஞ்சுக்குச்சியை அதே லைட்டர் பெட்ரோலில் லேசாக நனைத்துத் துடையுங்கள். பிளேடுகளை மெதுவாகத் திறந்து மூடுங்கள், புதுக் குச்சி எடுங்கள், மறுபடி துடையுங்கள். குச்சி அழுக்கில்லாமல் வரும்வரை இது தொடரும். பத்து இருபது குச்சிகூட ஆகலாம். ஈரமாக இருக்கும்போது மிகச் சிறிய துளை வரை மூட வேண்டாம், பிளேடு மடங்கிவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. அசிட்டோன் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும், இந்த வேலைக்கு அது வேண்டாம்.

பிளேடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவலாமே என்று தோன்றும். துரு இல்லாவிட்டால் வேண்டாம். பெரும்பாலும் ஒவ்வொரு பிளேடிலும் இரண்டு நுண்ணிய முளைகள், இரு முனையிலும் எதிரெதிர்ப் பக்கமாக இருக்கும். திரும்ப அடுக்கும்போது கடைசி பிளேடின் ஒரு முனை முதல் பிளேடின் அடியில் போக வேண்டும். அந்தக் கடைசி பிளேடில் பொறுமை இழந்து அழுத்தினால் முளை கழன்று வந்துவிடும், அப்புறம் ஒட்ட வழியில்லை.

கருவிகளிலும் கவனம் வேண்டும். ஜப்பானிய லென்ஸ்களின் ஸ்க்ரூவுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரநிலை) வகை ஸ்க்ரூடிரைவர்தான் சரியாகப் பொருந்தும். சாதாரண பிலிப்ஸ் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். கண்ணாடியைப் பிடிக்கும் வளையத்தைக் கத்திரிக்கோல் முனையால் திருப்பாதீர்கள், ஒரு வழுக்கலில் கண்ணாடியில் கோடு விழும். ஒவ்வொரு படியையும் போனில் படமெடுங்கள்.

ஃபோகஸ் மரையைப் பிரிக்க நேர்ந்தால், அது கழன்று வரும் அந்தப் புள்ளியிலேயே இரண்டு பக்கமும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த மரைக்குள் நுழையப் பல வாய்கள் உண்டு. தவறான வாயில் ஏற்றினால் தொலைவில் உள்ளது எதுவும் ஃபோகஸ் ஆகாமல் போகலாம். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, புதியதைத் துளியளவே தடவுங்கள். அள்ளிப் பூசினால் சில மாதங்களில் அதே எண்ணெய் அதே பிளேடுக்கு வந்து சேரும்.

மூடியதும் லென்ஸை ஒரு நாள் அப்படியே விட்டுவைத்து, மறுநாள் பின்னை ஐம்பது முறை அழுத்திப் பாருங்கள். ஐம்பதாவது முறையும் முதல் முறை போலவே துள்ளி மூடினால் கேமராவில் மாட்டலாம்.